பங்கு பலருக்கு, கணக்கு யாருக்கு?

பொருள்களை வடிவமைக்கும் கலையைப் பற்றி எழுதும் மேனாட்டு அறிஞரிடையே அண்மைக் காலமாக ஒரு கொள்கை செல்வாக்குப் பெற்று வருகிறது. ‘மனித மையம் கடந்த வடிவமைப்பு’ என்று அதனைத் தமிழில் கூறலாம். ஒன்றை வடிவமைக்கும்போது மனிதனின் தேவையையும் வசதியையும் மட்டுமே நடுவில் வைத்துப் பார்ப்பது தவறு; கருவியும் பொறியும், மண்ணும் மரமும், புல்லும் விலங்கும் அப்பணியில் மனிதனோடு பங்காளிகள் என்பது அதன் சாரம். செயற்கை நுண்ணறிவு என்னும் பொறியறிவு படம் வரையவும் பாட்டமைக்கவும் தொடங்கிய பின்னர் இக்கொள்கைக்குப் புதிய வேகம் பிறந்திருக்கிறது. பொறியே முன்வந்து வரையும்போது அதனையும் உடன் படைப்பாளி என்று ஒப்புக்கொண்டால் என்ன என்று கேட்கிறார்கள்.

இது நமக்குத் தொடர்பில்லாத சர்ச்சை என்று ஒதுக்கிவிட இயலாது. சேலம், நாமக்கல் சமவெளி தறியால் வாழும் நிலம். அந்நிலத்தில் ராசிபுரத்தை அடுத்துள்ள நாமகிரிப்பேட்டை, மஞ்சளுக்கு அடுத்தபடியாக ஒரு குழலால் உலகறிந்த ஊர். தறியும் குழலும் மனிதனும் கருவியும் கூடிச் செய்யும் தொழில்கள். ஆகவே இப்புதிய கொள்கையை எடைபோட இவற்றைவிடப் பொருத்தமான தராசு வேறில்லை. அக்கொள்கையில் ஏற்கத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று நோக்குவோம்.

கொள்கை கூறுவது

இதன் வேர் நாற்பது ஆண்டுப் பழமையுடையது. மனிதனுக்கும் பொறிக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு தேய்ந்து வருவதை 1985-இல் அமெரிக்க அறிஞர் டோனா ஹாரவே ஒரு கட்டுரையில் எடுத்துரைத்தார். பிரெஞ்சு அறிஞர் புரூனோ லத்தூர் உயிரற்ற பொருள்களும் வினையாற்றுகின்றன என்று வாதிட்டார். தெருவில் உள்ள வேகத்தடையை அவர் எடுத்துக்காட்டினார். காவலர் ஒருவர் நின்று செய்யவேண்டிய வேலையை ஒரு மேடு செய்துவிடுகிறது அல்லவா? பின்னர் 1999-இல் கேத்தரின் ஹேல்ஸும் 2013-இல் ரோசி பிரைடோட்டியும் இப்பொருள் பற்றி நூல்கள் எழுதினர். வடிவமைப்புத் துறைக்கு இக்கருத்தைக் கொண்டுவந்தோருள் குறிப்பிடத்தக்கவர் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரான் வக்காரி. 2021-இல் வெளிவந்த தம் நூலில் அவர், ‘ஒன்றுக்காக வடிவமைத்தல்’ என்பதை விடுத்து, ‘ஒன்றோடு கூடி வடிவமைத்தல்’ என்னும் நெறியை முன்வைக்கிறார். மனிதனை நடுவில் வைத்ததே இன்றைய சூழல் அழிவுக்கு ஒரு காரணம் என்பதும், வடிவமைப்பவருக்குப் பணிவு வேண்டும் என்பதும் அவர் கருத்து.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. வாங்குவோர் கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றவேண்டும் என்பதற்காகவே ஒரு துணியின் நிறம் முடிவு செய்யப்படுகிறது. அந்த நிறம் சாயப்பட்டறையிலிருந்து எங்கே சென்று சேர்கிறது? பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் சாயக்கழிவு காவிரியில் கலப்பது பற்றிய முறையீடு இன்றுவரை ஓயவில்லை. வாங்குபவரை நடுவில் வைத்த வடிவமைப்பில் ஆற்றுக்கு இடமில்லாமற் போயிற்று. ஆறும் பங்காளி என்று தொடக்கத்திலேயே எண்ணியிருந்தால் சாயத்தின் தேர்வு வேறாக இருந்திருக்கலாம். இந்த அளவில் வக்காரியின் கருத்தை வரவேற்பதில் நமக்குத் தடையில்லை.

குழல் தரும் சான்று

பொருளும் வினையாற்றும் என்பது நம் கைவினைஞருக்குப் புதிய செய்தியன்று. நாதஸ்வரத்தையே எடுத்துக்கொள்வோம். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001) இசைத்த அந்தக் குழலின் உடல் ஆச்சா மரத்தால் ஆனது. புதிதாக வெட்டிய மரம் அதற்கு உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு உலர்ந்து முதிர்ந்த உத்தரங்களையும் தூண்களையும் நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர் தேடி வாங்குகின்றனர். வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணலால் ஆனது. விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே உள்ள ஐந்து துளைகள் சுருதியைச் சீராக்குவதற்கு உரியவை. தேவைக்கேற்ப அவற்றில் மெழுகு அடைப்பதும் உண்டு.

ஏழு துளைகளில் பன்னிரண்டு சுரத்தானங்களும் பிறக்கவேண்டும். விரல் மட்டும் அதற்குப் போதாது. உதட்டின் அழுத்தமும் மூச்சின் அளவும் சீவாளியின் இளக்கமும் ஒன்றுகூடினால்தான் அரைச் சுரங்கள் அமையும். இசை ஊதுபவரிடம் மட்டும் இல்லை. மரத்திலும் நாணலிலும் அது பங்கிடப்பட்டிருக்கிறது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) காலத்தில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி குழலின் நீளத்தை மாற்றி, சுத்த மத்தியமம் செவ்வனே ஒலிக்கும் பாரி நாயனத்தைச் செய்து தந்தார். குழல் மாறியது, அதனோடு வாசிப்பும் மாறியது. கருவி மனிதனை மாற்றுகிறது என்று மேனாட்டார் நூல் எழுதிச் சொல்வதற்குக் காவிரிக்கரையில் கண்கூடான சான்று இது.

நம் சமுதாயத்தினருக்கும் இக்குழலோடு உறவு உண்டு. கிருஷ்ணன் பிறந்த அதே 1924-இல் ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து, திருவரங்கத்தில் குடியமர்ந்த ஷேக் சின்ன மௌலானா சாகிப் (மறைவு 1999) தஞ்சைப் பாணியைக் கைக்கொண்டு அதன் தலைசிறந்த வித்துவான்களுள் ஒருவரானார். 1977-இல் அவருக்கும் 1981-இல் கிருஷ்ணனுக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சென்னை மியூசிக் அகாதெமி 1998-இல் மௌலானா சாகிபுக்குச் சங்கீத கலாநிதி விருதை அளித்தது. ஒரே மரம், ஒரே நாணல். ஆயினும் இருவர் கையிலும் அது இரு வேறு குரலாயிற்று. கச்சேரியில் ஒரு சுரம் பிசகினால் அவையோர் ஆச்சா மரத்தை நோக்குவதில்லை, வித்துவானைத்தான் நோக்குகின்றனர். பங்கு பலருக்கு உண்டு. கணக்குச் சொல்ல வேண்டியவர் ஒருவர். இவ்விரண்டையும் நாதஸ்வர மரபு ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

குழலிலிருந்து தறிக்கு

தானே ஊதும் குழல் ஒன்றைச் செய்ய இயலுமா என்னும் கேள்வியும் பழையதே. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், மனிதர் ஊதாமலே இசைக்கும் கருவியொன்றைத் தனி நூலில் விளக்கினர். முளைகள் பதித்த உருளை சுழன்று துளைகளைத் திறந்து மூடும். உருளையை மாற்றி அமைத்தால் இசையும் மாறும். முன்கூட்டியே கட்டளையிட்டு வைக்கும் பொறி என்னும் எண்ணம் அங்கே முளைவிட்டுவிட்டது. 1206-இல் தம் பொறிநூலை நிறைவு செய்த அல்ஜஸரீ, படகில் அமர்ந்து இசைக்கும் பாவைகளைச் செய்து காட்டினார்.

பிரான்சில் 1737-இல் ஜாக் வோகான்சன் என்பவர் குழலூதும் மனித உருவம் ஒன்றை உருவாக்கினார். துருத்திகளிலிருந்து மூன்று வேறு அழுத்தங்களில் காற்றை அனுப்பி, அசையும் உதடும் நாவும் பொருத்தி, விரல்நுனிக்குத் தோல் உறையிட்ட பின்னரே அது இசைத்தது. மனித உதட்டை அவர் நுணுகி ஆராய வேண்டியிருந்தது. குழலூதியை அமைத்த அதே வோகான்சன் பின்னர் அரசின் பட்டுத்தொழில் கண்காணிப்பாளராகி, 1745-இல் தானே இயங்கும் தறியையும் அமைத்தார். அது பரவாமல் கிடந்தது. அதனை ஆராய்ந்து மேம்படுத்தியே ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் துளையிட்ட அட்டைகளால் கோலம் நெய்யும் பொறியை உருவாக்கினார். 1839-இல் ஜக்கார்டின் உருவமே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்டது. அந்நெசவுப் படம் ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் துளை அட்டையையே தேர்ந்தார். இன்றைய கணினிக்கும் அதன்வழி வந்த செயற்கை நுண்ணறிவுக்கும் முன்னோர் வரிசையில் ஒரு குழலும் ஒரு தறியும் இருக்கின்றன.

அந்த ஜக்கார்டு இன்று சேலத்திலும் ராசிபுரத்திலும் இளம்பிள்ளையிலும் அன்றாடச் சொல். சேலத்தில் 1960-இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் தலைமுறை தலைமுறையாக அதனைக் கற்பித்து வருகிறது. ஒரு புடவையின் கரையில் ஒரு புட்டா விழுவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் கட்டம் போட்ட தாளில் கோலத்தை வரைகிறார். ஒருவர் அதனைப் பார்த்து அட்டை அடிக்கிறார். பாவு ஓடுகிறவர், பாவு புணைக்கிறவர், வீட்டில் அமர்ந்து தார் சுற்றும் பெண்கள், தறியில் நாடா ஓட்டும் நெசவாளர் என்று வரிசை நீள்கிறது. இத்தனை பேரில் கடையின் சீட்டில் பெயர் ஏறுபவர் யார்? பெரும்பாலும் ஒருவரும் இலர்.

பொறி பங்காளியாகும்போது

இவ்விடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு நுழைகிறது. இப்பொறி வானத்திலிருந்து கோலத்தைப் பெறுவதில்லை. 2022-இல் வெளியான லயான்-5பி என்னும் தொகுப்பில், இணையத்திலிருந்து திரட்டிய ஏறத்தாழ 585 கோடிப் படங்களின் இணைப்புகளும் அவற்றின் விளக்கக் குறிப்புகளும் இருந்தன. அவ்வாண்டு வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் பொறி அத்தொகுப்பின் பகுதிகளைக் கொண்டு பயிற்றப்பட்டது. இத்தகைய திரட்டலில் படம் வரும்; கோலத்தை வரைந்தவர் பெயரும் அட்டை அடித்தவர் பெயரும் வருவதில்லை. அவை முன்பே சீட்டில் இல்லையே! பிறகு யாரோ ஒருவர் ‘மயில்கண் கரையிட்ட பட்டுப்புடவை’ என்று கட்டளையிட்டால், பொறி நொடிப்பொழுதில் ஒரு படத்தைத் தருகிறது. அதனைக் கண்டு, ‘பொறியும் நானும் கூடிப் படைத்தோம்’ என்று வடிவமைப்பாளர் மகிழ்கிறார். அந்தக் கூட்டில் மூன்றாமவர் விடுபட்டுவிட்டார். பல தலைமுறையாக அக்கோலத்தைக் கையில் காத்தவரே அவர்.

மனித மையம் கடந்த கொள்கையின்மீது நம் முதல் குறை இதுவே. மனிதனை நடுவிலிருந்து நகர்த்துவோம் என்கிறது அது. ஆனால் எந்த மனிதன் நடுவில் இருந்தான்? தார் சுற்றிய பெண் என்றாவது நடுவில் அமர்ந்திருந்தாளா? ஜமைக்க அறிஞர் சில்வியா விண்டர், மேற்கு ‘மனிதன்’ என்று பேசியபோது ஒரு வகை மனிதனையே எண்ணியது என்றும் மற்றவரை விட்டுவிட்டது என்றும் 2003-ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார். அமராத நாற்காலியிலிருந்து எழுந்திருக்குமாறு நெசவாளரிடம் சொல்வதில் பொருளில்லை. பொறிக்குப் படைப்பாளி என்று பெயர் சூட்டும் முன், பெயரே பெறாத கைகளுக்குப் பெயர் சூட்ட வேண்டும்.

சட்டமும் இங்கே துணைநிற்கவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பதிவு செய்யத்தக்க ஒரு வடிவம் பதிவு செய்யப்படாமல் தொழில்முறையில் ஐம்பது படிகளுக்குமேல் செய்யப்பட்டுவிட்டால் அதன்மீதுள்ள பதிப்புரிமை அற்றுப்போகிறது. 2000-ஆம் ஆண்டு வடிவங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிந்தால் பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் காப்பு உண்டு. ஆனால் எத்தனை நெசவாளர் அலுவலகம் சென்று பதிவார்? புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். ஒருவர் வரைந்த கோலத்தைக் காக்காது. ஐம்பது புடவைகளோடு நெசவாளரின் உரிமை முடிய, அவருடைய கோலத்தைக் கற்ற பொறி மட்டும் ஓயாமல் படம் தந்துகொண்டிருக்கிறது.

பொறியைப் படைப்பாளி என்று ஏற்றுக்கொள்ளும் முயற்சி நம் நாட்டிலேயே ஒருமுறை நடந்தது. ‘சூர்யாஸ்த்’ என்னும் ஓவியத்துக்கு, ஒரு வழக்கறிஞரும் ‘ராகவ்’ என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் இணைந்த ஆசிரியர்கள் என்று 2020-இல் இந்தியப் பதிப்புரிமை அலுவலகம் பதிவளித்தது. அப்பதிவைத் திரும்பப் பெறுவது பற்றி 2021-இல் அதே அலுவலகம் அறிவிக்கை அனுப்பியது. அமெரிக்க அலுவலகம் அதே ஓவியத்துக்கு 2023-இல் பதிவு மறுத்தது. நம் சட்டத்தில் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம், கணினியால் உருவாகும் படைப்புக்கு அதனை உருவாக்கச் செய்த நபரையே ஆசிரியர் என்கிறது. அந்தச் சொல் பழையதாயினும் அதில் ஒரு தெளிவு இருக்கிறது: யாரோ ஒருவர் ‘நான் செய்வித்தேன்’ என்று முன்வர வேண்டும்.

பஸ்ராவில் நடந்த வழக்கு

நம் இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அதனை விளக்க ஒரு பழைய நூல் உதவும். கி.பி. பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் ‘இக்வானுஸ் ஸஃபா’ என்னும் அறிஞர் குழுவினர் தொகுத்த நிருபங்களுள் ஒன்று, விலங்குகள் மனிதர்மீது தொடுத்த வழக்கைக் கதையாகச் சொல்கிறது. ஜின்களின் அரசனுடைய அவையில் விலங்குகள் முறையிடுகின்றன. மனிதர் தம்மை அடிமையாகக் கொள்ள என்ன உரிமை என்று கேட்கின்றன. மனிதர் தம் அறிவையும் அழகையும் தொழில் திறனையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றனர். ‘தேனீயின் கூட்டைப் பாருங்கள், சிலந்தியின் நெசவைப் பாருங்கள்’ என்ற போக்கில் ஒவ்வொரு பெருமைக்கும் மறுப்பு வருகிறது. 1810-இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக மௌலவி இக்ராம் அலி இதனை உருதுவில் தந்தார். அதன்பின் நம் நாட்டில் பலர் படித்த நூலாயிற்று.

மனிதரை நடுவிலிருந்து நகர்த்தி மற்ற உயிர்களின் பக்கம் நின்று பேசுவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. வழக்கு முடிவதைத்தான் கவனிக்க வேண்டும். அறிவாலோ திறமையாலோ மனிதர் வெல்லவில்லை. மனிதருக்கு மறுமை உண்டு, கேள்விகணக்கு உண்டு, நற்கூலியும் தண்டனையும் உண்டு என்னும் வாதத்தை ஒட்டியே தீர்ப்பு அமைகிறது. மனிதனின் தனிச்சிறப்பு அவன் செய்யும் செயலில் இல்லை. செய்ததற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதில் இருக்கிறது. மனிதன் இப்பூமியின் உரிமையாளன் அல்லன். அதனை அமானத்தாகப் பெற்ற பொறுப்பாளன் என்று நாம் கற்றிருப்பதும் இதுவே. உரிமையாளன் என்னும் செருக்கை மேனாட்டுக் கொள்கை கண்டிக்கிறது. அதில் நமக்கும் உடன்பாடே. செருக்கோடு சேர்த்துப் பொறுப்பையும் பலருக்குப் பங்கிட்டுவிட்டால், கேள்வி வரும் நாளில் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

இது வெறும் தத்துவக் கவலையன்று. அரபு எழுத்தையும் தமிழ் எழுத்தையும் உருச்சிதைத்து வரைவது படம் வரையும் பொறிகளிடம் பலமுறை காணப்பட்ட குறை. சுவரில் மாட்டும் ஒரு திரைக்கோ தொழுகை விரிப்புக்கோ கோலம் கேட்டால், திருவசனம் போலத் தோன்றும் கோடுகளை அது வரைந்து தரலாம். அதில் எழுத்தே இராது, அல்லது பொருள் பிறழ்ந்திருக்கும். அது ஆயிரம் வீடுகளுக்குச் சென்றபின் யாரைக் கேட்பது? ‘பொறி கூடிச் செய்தது, தரவு கூடிச் செய்தது, தறி கூடிச் செய்தது’ என்று பதில் வருமானால், அந்தக் கூட்டில் பொறுப்பு கரைந்துவிட்டது என்றே பொருள். வக்காரி கேட்கும் பணிவு மெய்யான பணிவு; ஆனால் அவருடைய சொற்களை இரவல் வாங்கும் வணிகர் கையில் அது தப்பித்துக்கொள்ளும் வழியாக மாறுவது எளிது.

தறிக்குழியிலிருந்து ஒரு நெறி

பொறியை விலக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஜக்கார்டு வந்தபோது அதனை விலக்கியிருந்தால் இன்று ராசிபுரத்தில் புட்டா இல்லை. பொறியோடு கூடி வடிவமைப்பதற்கு ஒழுங்கு வேண்டும் என்பதே நம் கருத்து. அவ்வொழுங்கைத் தறியே கற்பிக்கிறது. பொறி தரும் படத்துக்கு நூலின் கணக்கு தெரியாது. 240 கொக்கிப் பெட்டியில் ஏறத்தக்க கோலமா என்று அது எண்ணாது. ஊடை நூல் கட்டில்லாமல் நெடுந்தூரம் மிதந்தால் உடுத்தும்போது சிக்கி அறும் என்பது தறியில் அமர்ந்தவருக்குத்தான் தெரியும். ஆகவே இறுதிச் சொல் நெசவாளருடையதாக இருக்க வேண்டும். ‘இது நெய்யத் தகாது’ என்று மறுக்கும் உரிமை அவருக்கு வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு வரலாற்றுக் குறிப்பு வேண்டும். பொறியிடம் என்ன கேட்கப்பட்டது, அது என்ன தந்தது, எதனை யார் மாற்றினார், எந்த ஊரின் பழைய கோலம் இதற்கு மூலம், நெய்தவர் யார் என்று கூட்டுறவுச் சங்கத்தின் ஏட்டில் நான்கு வரி எழுதிவைப்பது பெருஞ்செலவன்று. பங்கு பெற்ற எல்லாரையும் அக்குறிப்பில் எழுதலாம். பொறியையும் எழுதலாம், மரத்தையும் ஆற்றையும் எழுதலாம். மனித மையம் கடந்தவர்கள் விரும்பும் பட்டியல் அங்கே முழுமை பெறும். மூன்றாவதாக, அப்பட்டியலின் அடியில் கையொப்பம் ஒன்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் பொறியின் பெயரை எழுத இயலாது; தவறு நேர்ந்தால் வெட்கப்படவும், திருத்தவும், ஈடு செய்யவும் வல்ல ஒரு மனிதரின் பெயரே அங்கு வரலாம். அவர் பெரும்பாலும் கோலத்தை விற்று ஊதியம் பெறுபவராக இருத்தல் முறை. ஊதியம் மேலே நிற்க, பழி மட்டும் தறிக்குழியில் இறங்குவது நீதியாகாது.

மேனாட்டு அறிஞர் மனிதனுக்குப் பணிவைக் கற்பிக்க முனைந்தமைக்கு நாம் நன்றி கூறலாம். பணிவு என்பது கையை மறைத்துக்கொள்வதன்று. இது என் கை செய்தது என்று நீட்டிக் காட்டுவதும் பணிவே. மௌலானா சாகிபும் கிருஷ்ணனும் மரத்துக்கும் நாணலுக்கும் கடன்பட்டவர்களாகவே ஊதினார்கள். ஆயினும் அவையின்முன் அமர்ந்தவர்கள் அவர்கள்தாம்.